பழைய தளமும் புதிய நிரலும்: மென்பொருள் இயைபு பற்றிய ஒரு திறனாய்வு

0. முன்னுரை

மேசைக் கணிப்பொறிக்கென ஒரு மென்பொருளை உருவாக்குவோர், அதனைத் தம் காலத்து இயங்குதளத்தில் மட்டுமன்றி அதற்கு முற்பட்ட பதிப்புகளிலும் இயங்குமாறு அமைக்க வேண்டுமா என்னும் வினா நிரலாளரிடையே நெடுங்காலமாக நிலவி வருவதாகும். இவ்வினா முற்றிலும் பொறியியல் சார்ந்த ஒன்றாகவே கருதப்பட்டுள்ளது. எந்தச் செயற்கூறு எந்தப் பதிப்பில் உள்ளது, எந்தத் தொகுப்பி எந்தப் பதிப்புக்கு ஆதரவு தருகிறது என்னும் செய்திகளோடு இதுபற்றிய விவாதம் முடிந்துவிடுகிறது. ஆயின் அகராதி, தரவகம், சொல்லடைவு, மொழிபெயர்ப்பு நினைவகம் ஆகியவற்றைக் கணிப்பொறியின் துணையால் உருவாக்கும் மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் இவ்வினா பிறிதொரு முகம் கொண்டது. நிரல் இயங்குவது அவர்களுக்கு ஒரு வழியே. அவர்தம் நோக்கம் உரையாகும். நிரல் இயங்கியும் உரை கெடுமாயின் அவ்வியைபால் பயனில்லை.

இக்கட்டுரை விண்டோஸ் இயங்குதளத்தின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு, இயைபு என்னும் கருத்தினை மொழி ஆய்வாளரின் நோக்கிலிருந்து மதிப்பிட முற்படுகிறது. தமிழ் உரையைக் கையாளும் நிரல்கள் இங்குச் சிறப்பாகக் கருத்தில் கொள்ளப்படுகின்றன. இயைபின் பெயரால் எவை காக்கப்பட்டன, எவை இழக்கப்பட்டன என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

1. கலைச்சொல் பற்றிய ஒரு குறிப்பு

முதற்கண் கலைச்சொல்லில் உள்ள இடர்ப்பாட்டைச் சுட்டுதல் வேண்டும். ஆங்கிலத்தில் வழங்கும் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, ‘பின்னோக்கிய இயைபு’, ‘பின்னோக்கிய இணக்கம்’ என்று தமிழில் வழங்குகின்றனர். தமிழில் ‘முன்’, ‘பின்’ என்னும் சொற்கள் இடத்தையும் காலத்தையும் ஒருங்கே குறிப்பன. இடத்தைக் குறிக்கும்போது ‘முன்’ என்பது நமக்கு எதிரே உள்ளதையும், ‘பின்’ என்பது முதுகுப்புறத்தையும் காட்டும். காலத்தைக் குறிக்கும்போது ‘முன்னாள்’ என்பது கழிந்த நாளையும், ‘பின்னாள்’ என்பது வரவிருக்கும் நாளையும் காட்டும். எனவே ‘பின்னோக்கிய இயைபு’ என்னும் தொடரை இடப்பொருளில் கொண்டால் பழைய பதிப்போடு இயைதல் என்றும், காலப்பொருளில் கொண்டால் இனி வரும் பதிப்போடு இயைதல் என்றும் பொருள் கொள்ள இடமுண்டு. கலைச்சொல்லுக்கு இத்தகைய இருபொருள் நிலை ஆகாது. ஆகவே இக்கட்டுரையில் ‘முற்பதிப்பு இயைபு’, ‘பிற்பதிப்பு இயைபு’ என்னும் தொடர்கள் ஆளப்படுகின்றன. ‘பதிப்பு’ என்னும் சொல் உடன் வருவதால் ‘முன்’, ‘பின்’ என்பன இங்குக் காலத்தையே குறிக்கும்.

இதனினும் அடிப்படையான மயக்கம் ஒன்றும் உண்டு. பழைய நிரலைப் புதிய இயங்குதளம் ஏற்று இயக்குதல் ஒன்று. புதிய நிரல் பழைய இயங்குதளத்தில் அமைந்து இயங்குதல் மற்றொன்று. முன்னது தளத்தை உருவாக்குவோரின் பொறுப்பு. பின்னது நிரலை உருவாக்குவோரின் பொறுப்பு. பொது வழக்கில் இவ்விரண்டும் ஒரே சொல்லால் சுட்டப்படுவதால், ஒருவர் பொறுப்பை மற்றொருவர் மீது ஏற்றிப் பேசும் நிலை உண்டாகிறது. இவற்றோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்தல் வேண்டும். அது தரவின் இயைபு: ஒரு காலத்தில் ஒரு நிரலால் உள்ளிடப்பட்ட உரை, மற்றொரு காலத்தில் மற்றொரு நிரலால் அதே உரையாகப் படிக்கப்படுதல். நிரலாளரின் எழுத்துகளில் முதலிரண்டுமே மிகுதியாகப் பேசப்படுகின்றன. மொழி ஆய்வாளருக்கு மூன்றாவதே முதன்மையானது.

2. பதிப்பெண் பற்றிய வினாவும் விடையும்

ஒரு நிரல் தான் எந்தத் தளத்தில் இயங்குகிறது என்பதனை அறிய, தளத்திடமே அதன் பதிப்பெண்ணைக் கேட்பது வழக்கம். எளியதாகத் தோன்றும் இவ்வினாவின் வரலாறு பயன்வழியியல் நோக்கில் ஆராயத்தக்கது.

1995-ஆம் ஆண்டு வெளியான விண்டோஸ் 95-இன் பதிப்பெண் 4.0 ஆகும். ஆயின் விண்டோஸ் 3.1 காலத்தில் எழுதப்பட்ட பதினாறு இருமக் கூற்று நிரல்கள் பதிப்பெண்ணைக் கேட்டபோது, அது தன்னை 3.95 என்றே கூறியது. இதற்குக் காரணம் உண்டு. பல நிரல்கள் பதிப்பெண்ணைத் தவறான முறையில் ஒப்பிட்டன. முதன்மை எண் மூன்றுக்குக் குறையாமலும் துணை எண் பத்துக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும் எனத் தனித்தனியே சோதித்த நிரல், 4.0 என்னும் விடையில் துணை எண் சுழியமாக இருப்பது கண்டு, தளம் பழையது என முடிவு செய்து நின்றுவிடும். அந்நிரல்களைக் காக்கும் பொருட்டே தளம் தன் எண்ணை மாற்றிக் கூறியது.

2009-இல் வெளியான விண்டோஸ் 7, பெயரால் ஏழாயினும் பதிப்பெண்ணால் 6.1 ஆகும். முதன்மை எண்ணை மட்டும் நோக்கும் நிரல்கள் பழுதுறாமல் இருத்தற்பொருட்டு அவ்வாறு அமைக்கப்பட்டது. 2013-இல் வெளியான விண்டோஸ் 8.1 முதல் இவ்வழக்கம் ஒரு விதியாகவே ஆயிற்று. தான் அப்புதிய பதிப்பை அறிந்துள்ளதாக அறிவிப்புக் கோப்பில் குறிப்பிடாத நிரல் எதுவாயினும், அது கேட்கும் வினாவுக்கு 6.2 என்னும் விண்டோஸ் 8-இன் எண்ணே விடையாக வரும். கேட்போர் எந்த அளவு அறிந்தவரோ அந்த அளவுக்கே விடை தரப்படுகிறது.

பயன்வழியியலார் இதனை எளிதில் இனங்காண்பர். விடையின் மெய்ம்மையினும் கேட்போர் அவ்விடையால் என்ன செய்வார் என்பதே இங்குக் கருதப்படுகிறது. இதனைப் பொய் எனச் சாடும் நிரலாளர் உண்டு. அச்சாடல் முழுதும் பொருந்தாது. வினாவே தவறானது என்பதே இவ்வரலாறு உணர்த்துவது. நிரலுக்கு உண்மையில் தேவைப்படுவது தளத்தின் பெயரோ எண்ணோ அன்று, தளத்தின் ஆற்றலே. வட்டார வழக்கை ஆராயும் கள ஆய்வாளர், தகவலாளியின் வயதைக் கேட்டு அவர் அறிந்த சொற்கள் இவை என முடிவு கட்டுவதில்லை. சொல்லையே முன்வைத்து, அதனை அவர் அறிவாரா எனக் கேட்கிறார். நிரலும் அவ்வாறே தனக்கு வேண்டிய செயற்கூறு தளத்தில் உள்ளதா எனப் பெயர் சொல்லிக் கேட்க வழியுண்டு. விண்டோசில் ‘கெட் பிராக் அட்ரஸ்’ என்னும் செயற்கூறு இதற்கெனவே அமைந்தது. வேண்டிய செயற்கூறு இல்லையெனில் நிரல் தன் மாற்று வழியைக் கையாளலாம்.

இவ்வாறு கேளாமல், அச்செயற்கூறு இருந்தே தீரும் என்னும் நம்பிக்கையில் அதனை நிரலின் இறக்குமதிப் பட்டியலில் நேரடியாகச் சேர்த்துவிட்டால் நேர்வது வேறு. செயற்கூறு இல்லாத பழைய தளம் அந்நிரலைத் தொடங்கவே மறுத்துவிடும். நிரலின் நூறு பணிகளுள் ஒன்றுக்கு மட்டுமே அச்செயற்கூறு தேவையெனினும் ஏனைய பணிகளும் கிட்டாமற் போகும்.

3. இரட்டைப் பெயர்கள்

விண்டோசின் செயற்கூறுகளுள் உரையைக் கையாள்வன பெரும்பாலும் இரட்டையாக அமைந்துள்ளன. பெயரின் இறுதியில் ‘ஏ’ என்னும் ஆங்கில எழுத்தைக் கொண்டவை, அந்தந்த நாட்டுக்குரிய குறியேற்றப் பக்கத்தின்படி உரையைப் பெறுவன. ‘டபிள்யூ’ என்னும் எழுத்தைக் கொண்டவை யூனிகோடு உரையைப் பெறுவன. 1993-இல் வெளியான விண்டோஸ் என்.டி. தொடக்கம் முதலே இரண்டாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டது. ஆயின் பொதுமக்கள் பயன்படுத்திய விண்டோஸ் 95, 98, எம்.இ. ஆகியவற்றில் இரண்டாம் வரிசையின் பெரும்பகுதி பெயரளவிலேயே இருந்தது. பெயர் இருக்கும், அழைத்தால் பணி நிகழாது. உரையைத் திரையில் வரைதல் போன்ற சில மட்டுமே செயற்பட்டன.

எனவே 1990-களின் பிற்பகுதியில் இரு தளங்களிலும் இயங்கும் ஒரே நிரலை எழுத விரும்பியவர் முதல் வரிசையைத் தேர்ந்தெடுத்தனர். ஆங்கிலத்துக்கும் பிற ஐரோப்பிய மொழிகளுக்கும் இத்தேர்வால் பெருங்கேடு இல்லை. அவற்றுக்குக் குறியேற்றப் பக்கங்கள் இருந்தன. சப்பானியத்துக்கும் சீனத்துக்கும்கூட இருந்தன. தமிழுக்கோ இந்திக்கோ அத்தகைய பக்கம் விண்டோசில் என்றுமே ஏற்பட்டதில்லை. 2000-ஆம் ஆண்டு விண்டோஸ் 2000 வழியாகத் தமிழுக்கு இயங்குதள அளவில் ஆதரவு கிட்டியபோது, அது யூனிகோடு வழியாக மட்டுமே கிட்டியது. லதா என்னும் எழுத்துருவும் அப்பதிப்புடன் வந்ததே. முதல் வரிசையைக் கையாளும் நிரலிடம் யூனிகோடில் அமைந்த தமிழ்க் கோப்புப் பெயரைக் கொடுத்தால், ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வினாக்குறி தோன்றும். அவ்வாறு வினாக்குறியாக மாறிச் சேமிக்கப்பட்ட உரையை மீட்க வழியில்லை.

இங்கு ஒரு செய்தி வெளிப்படை. ‘அனைத்துப் பதிப்புகளிலும் இயங்குவது’ என்று விளம்பரப்படுத்தப்பட்ட நிரல், தமிழைப் பொறுத்தமட்டில் எந்தப் பதிப்பிலும் இயங்காத நிரலாக இருந்தது. இயைபு என்பது தனித்து நிற்கும் பண்பு அன்று. எந்த மொழிக்கு என்னும் வினாவோடு சேர்த்தே அதனை அளத்தல் வேண்டும்.

2001-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ‘யூனிகோஸ்’ என்னும் துணை நிரலகத்தை வெளியிட்டது. யூனிகோடு வரிசையில் எழுதப்பட்ட நிரல் பழைய தளங்களிலும் இயங்க அது உதவியது. ஆயினும் அது யூனிகோடு உரையை அத்தளத்தின் குறியேற்றப் பக்கத்துக்கு மாற்றியே தந்தது. பக்கமே இல்லாத தமிழுக்கு அதனால் விளைந்த பயன் சிறிது. 2019-இல் விண்டோஸ் 10-இன் 1903 என்னும் பதிப்பு, முதல் வரிசைச் செயற்கூறுகளும் யூ.டி.எஃப்-8 குறியேற்றத்தைப் பெறுமாறு நிரலின் அறிவிப்புக் கோப்பில் குறிப்பிட வழி செய்தது. பழைய வரிசையின் வாயில் தமிழுக்குத் திறக்க அத்துணைக் காலம் ஆயிற்று. அக்குறிப்பைப் பழைய தளங்கள் பொருட்படுத்தா. எனவே அதனை மட்டும் நம்பி எழுதப்படும் நிரல் அங்குத் தமிழ் உரையைக் கெடுக்கும்.

4. ஒரு சான்று: ‘கொ’ என்னும் எழுத்தைத் தேடுதல்

இதுகாறும் கூறியவற்றை ஒரு சான்றால் விளக்கலாம். சொல்லடைவு உருவாக்கும் நிரல் ஒன்றினைக் கருதுவோம். ‘கொடை’ என்னும் சொல் வரும் இடங்களை எல்லாம் அது தொகுத்தல் வேண்டும்.

யூனிகோடில் ‘கொ’ என்பதனை இருவகையாகக் குறியேற்றலாம். ககரத்தை அடுத்து ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாக இடலாம். அல்லது எகரத்துக்குரிய ஒற்றைக் கொம்பையும் காலையும் இரு குறியெண்களாக இடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். யூனிகோடு விதியின்படியும் இவை முற்றிலும் சமமானவை. ஆயின் நிரல் குறியெண்களை அப்படியே ஒப்பிடுமாயின் இவை இரு வேறு சொற்களாகிவிடும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட கோப்புகளில் இரண்டாம் வகை நேர்தல் எளிது. பழைய குறியேற்றங்கள் கொம்பையும் காலையும் தனித்தனியே கொண்டிருந்தமையே காரணம். தேடுவோர் பாதிச் சான்றுகளை இழப்பார், இழந்ததையும் அறியார். சொல் வழக்காற்றின் மிகுதி பற்றிய அவர் முடிவு பிழைபடும்.

இதற்குத் தீர்வு இயல்பாக்கம் எனப்படும். ஒப்பிடுமுன் இரு உரைகளையும் ஒரே வடிவுக்குக் கொணர்தலே அது. விண்டோசில் இதற்கான செயற்கூறு விஸ்டா பதிப்பு முதல் தளத்தின் உறுப்பாக அமைந்தது. விண்டோஸ் எக்ஸ்.பி.யில் அதனைத் தனியே நிறுவ வேண்டியிருந்தது. ஆகவே சொல்லடைவு நிரலை எழுதுவோர் முன் மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, செயற்கூற்றை நேரடியாக இறக்குமதி செய்தல். அந்நிரல் எக்ஸ்.பி. கணிப்பொறியில் தொடங்காது. இரண்டாவது, செயற்கூறு உள்ளதா எனக் கேட்டு, இல்லையெனில் இயல்பாக்கமின்றித் தேடுதல். நிரல் இயங்கும், ஆயின் ஒரே தரவகம் இரு கணிப்பொறிகளில் இரு வேறு எண்ணிக்கைகளைத் தரும். ஆய்வு நோக்கில் இது முன்னதினும் தீது. தொடங்காத நிரல் தன் இயலாமையை வெளிப்படையாகக் கூறிவிடுகிறது. தவறாக எண்ணும் நிரல் அதனை மறைத்துவிடுகிறது.

மூன்றாவது வழி, இயல்பாக்கத்தை நிரலுக்குள்ளேயே எழுதிக்கொள்ளுதல். உலக மொழிகள் அனைத்துக்கும் இதனைச் செய்வது பெரும்பணி. தமிழுக்கு மட்டும் எனின் அதன் அளவு வியப்பூட்டுமளவு சிறிது. தமிழ்ப் பகுதியில் இவ்வாறு பிரித்தெழுதத்தக்க குறியெண்கள் நான்கே: ஒகரக் குறி, ஓகாரக் குறி, ஔகாரக் குறி, ‘ஔ’ என்னும் உயிரெழுத்து. நான்கு மாற்று விதிகளை எழுதிவிட்டால் நிரல் எந்தத் தளத்தையும் சார வேண்டியதில்லை; எல்லாக் கணிப்பொறிகளிலும் ஒரே விடை கிட்டும்.

இச்சான்று உணர்த்துவது ஒன்று. பழைய தளத்துக்கு ஆதரவு தருவது பெருஞ்செலவு என்னும் கூற்று பொதுவாக உண்மையாயினும், அச்செலவின் அளவை முடிவு செய்வது பொறியியல் மட்டுமன்று. மொழியின் அமைப்பை அறிந்தவர் நிரலாக்கக் குழுவில் இருப்பின், தளத்திடம் எதனைக் கேட்க வேண்டும், எதனைக் கேட்க வேண்டியதில்லை என்பது தெளிவாகும்.

இயல்பாக்கத்தாலும் தீராத இடர்ப்பாடு ஒன்றையும் சுட்டலாம். ‘ஸ்ரீ’ என்னும் வடிவம் முதலில் சகரத்துக்குரிய கிரந்த எழுத்தாகிய ‘ஸ’வை முதலாகக் கொண்டு குறியேற்றப்பட்டது. 2005-இல் யூனிகோடு 4.1 பதிப்பில் ‘ஶ’ என்னும் எழுத்து சேர்க்கப்பட்ட பின், அதனை முதலாகக் கொண்ட குறியேற்றம் பரிந்துரைக்கப்பட்டது. இவ்விரண்டும் யூனிகோடு விதியின்படி சமமானவை அல்ல. ஆயின் படிப்போருக்கு ஒன்றே. பழைய தளத்தின் எழுத்துருவில் ‘ஶ’ இல்லாத இடத்தில் புதிய குறியேற்றம் வெறுங்கட்டமாகத் தோன்றும். ஊர்ப்பெயரும் மக்கட்பெயரும் நிறைந்த தரவகத்தில் இது சிறு செய்தி அன்று. இத்தகையவற்றைத் தளம் தீர்த்து வைக்கும் என எதிர்நோக்குதல் பயனற்றது. நிரலே விதியை ஏற்றல் வேண்டும்.

5. பழமையைக் காத்தலின் விலை

பழைய நிரல்களைக் காக்கும் கொள்கைக்குப் பெயர் பெற்றவர் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ரேமண்ட் சென். இக்கொள்கையைப் பற்றி ஜோயல் ஸ்போல்ஸ்கி 2004-இல் எழுதிய கட்டுரை நிரலாளரிடையே பெரிதும் பேசப்பட்டது. சிம்சிட்டி என்னும் விளையாட்டு நிரல், விடுவித்த நினைவகத்தை மீண்டும் பயன்படுத்தும் பிழையை உடையது என்றும், அது விண்டோஸ் 95-இலும் இயங்குமாறு தளத்திலேயே தனி ஏற்பாடு செய்யப்பட்டது என்றும் அவர் குறிப்பிடுகிறார். பிறர் பிழையைத் தளம் தாங்கிக்கொள்வது பயனாளருக்கு நன்மையே என்பது அவர் வாதம். பயனாளர் நிரலின் பிழையைத் தளத்தின் பிழையாகவே கருதுவர் என்பதும் உண்மை.

இவ்வாதத்தை ஏற்பினும், தமிழ் உரையின் வரலாறு அதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. எட்டு இருமக் கூற்று எழுத்துருக்களில் மேலை ஐரோப்பிய எழுத்துகளுக்குரிய குறியெண்களில் தமிழ் வடிவங்கள் வைக்கப்பட்டன. இயங்குதளத்தைப் பொறுத்தமட்டில் அவ்வுரை தமிழ் அன்று. அது ஐரோப்பிய மொழி ஒன்றின் உரையே. வரிசைப்படுத்தலும் சொற்பிரிப்பும் அதற்கேற்பவே நிகழும். வரி முறியாத இடைவெளிக்கும் மறைநிலைக் கோட்டுக்கும் உரிய குறியெண்களில் தமிழ் வடிவம் வைக்கப்பட்டிருப்பின், வரி முறியும் இடத்தில் எழுத்தே மறைதலும் உண்டு. எழுத்துருவுக்கு எழுத்துரு அமைப்பு வேறாதலால் ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் படிக்க இயலாது. இக்குழப்பத்தைக் களையத் திஸ்கி என்னும் குறியேற்றமும், 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தாப், தாம் என்னும் குறியேற்றங்களும் தோன்றின. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் தேஸ் 16 என்பதனையும் தரமாக ஏற்றது.

ஆயினும் பழைய எழுத்துரு முறை மறையவில்லை. ஏனெனில் அது இயங்குதளத்திடம் எதனையும் கேட்பதில்லை. விண்டோஸ் 95 முதல் விண்டோஸ் 11 வரை எந்தப் பதிப்பிலும் அது தோன்றும். இயைபு என்னும் ஒரே அளவுகோலால் அளந்தால், தமிழில் மிக உயர்ந்த இயைபு உடையது அம்முறையே. தேடுதல், வரிசைப்படுத்தல், எண்ணுதல் ஆகிய மொழி ஆய்வுப் பணிகளுக்கு மிகத் தாழ்ந்ததும் அதுவே. பழைய வரிசைச் செயற்கூறுகள் குறைவின்றி இயங்கி வந்ததால் மாற வேண்டிய தேவையும் உணரப்படவில்லை. நிரல் காக்கப்பட்டது, உரை சிறைப்பட்டது.

இக்கட்டுரையாளர் பங்கேற்ற வட்டார வழக்குச் சொற்றொகுப்புப் பணி ஒன்றில் இதனை நேரிற் காண நேர்ந்தது. விண்டோஸ் 98 காலத்தில் உள்ளிடப்பட்ட சீட்டுகள் பல ஆண்டுகளுக்குப் பின்னும் அதே நிரலில் பழுதின்றித் திறந்தன. அவற்றை அந்நிரலுக்கு வெளியே கொணர முயன்றபோதே, ஒலிப்பு வேறுபாட்டைக் காட்ட உள்ளிட்டோர் தாமே அமைத்துக்கொண்ட சில குறிகளுக்கு எங்கும் விளக்கம் எழுதப்படவில்லை என்பது தெரிந்தது. அக்குறிகளை அமைத்தவர்கள் பணியினின்று விலகியிருந்தனர். நிரல் நன்கு இயங்கிய காலமெல்லாம் அவ்விளக்கத்தைக் கேட்க வேண்டும் என எவருக்கும் தோன்றவில்லை.

இதற்கு மாறாக, 1978-இல் தமிழ்நாடு அரசு மேற்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை நோக்கலாம். ணை, லை, னை, ணா, றா, னா முதலியவற்றின் பழைய வடிவங்கள் கைவிடப்பட்டன. யூனிகோடில் பழைய வடிவுக்கும் புதிய வடிவுக்கும் குறியெண் ஒன்றே. வடிவ வேறுபாடு எழுத்துருவைச் சார்ந்தது. பழைய நூலைப் பழைய வடிவிலேயே அச்சிட விரும்புவோர் எழுத்துருவை மாற்றினால் போதும். உரையைத் தொட வேண்டியதில்லை. வடிவமும் உரையும் பிரித்து வைக்கப்படும்போது இயைபு பெரிதும் தானே அமைகிறது. எட்டு இருமக் கூற்று எழுத்துருக்களோ அவ்விரண்டையும் ஒன்றாகப் பிணைத்துவிட்டன.

6. பழமையைக் கைவிடுதலின் விலை

எதிர்நிலையும் குற்றமற்றது அன்று. ஆப்பிள் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட மேக் இயங்குதளத்தின் காட்டலினா பதிப்பு, முப்பத்திரண்டு இருமக் கூற்று நிரல்களை இயக்குவதை முற்றிலும் நிறுத்தியது. தளம் எளிமையுற்றது என்பது மெய்யே. ஆயின் புதுப்பிக்க ஆளில்லாத சிறு நிரல்கள் அன்றோடு முடிந்தன. சிறுபான்மை மொழிகளுக்கென எழுதப்படும் நிரல்கள் பெரும்பாலும் ஒருவரோ இருவரோ தம் ஓய்வு நேரத்தில் எழுதியவை. இழப்பு அவற்றுக்கே மிகுதி.

பழைய தளத்தைக் கைவிடும் முடிவு பல நேரங்களில் நிரலாளரால் எண்ணி எடுக்கப்படுவதும் இல்லை. அவர் கையாளும் கருவி அதனை எடுத்துவிடுகிறது. மொழித் தரவு ஆய்வில் பரவலாக வழங்கும் பைத்தான் மொழியின் 3.5 பதிப்பு 2015-இல் எக்ஸ்.பி.யையும், 3.9 பதிப்பு 2020-இல் விண்டோஸ் 7-ஐயும் கைவிட்டன. 2012-இல் வெளியான விஷுவல் ஸ்டூடியோ தொகுப்பி தொடக்கத்தில் எக்ஸ்.பி.க்கென நிரல் உருவாக்க இயலாததாக இருந்து, பின்னர் வந்த திருத்தப் பதிப்பால் அவ்வாற்றலைப் பெற்றது. லினக்சில் நிலைமை வேறு வடிவில் அமைகிறது. புதிய கணிப்பொறியில் தொகுக்கப்பட்ட நிரல், அடிப்படை நிரலகத்தின் புதிய குறியீடுகளை நாடி, பழைய கணிப்பொறியில் தொடங்க மறுக்கலாம். எனவே ஆதரிக்க விரும்பும் மிகப் பழைய தளத்திலேயே நிரலைத் தொகுத்தல் அங்கு மரபாயிற்று. கருவியின் புதிய பதிப்புக்கு மாறும் நாளில், தம் பயனாளருள் ஒரு சாரார் விலக்கப்படுகின்றனர் என்பதனை நிரலாளர் அறிதல் வேண்டும். அறிந்து விலக்குவது ஒரு முடிவு. அறியாமல் விலக்குவது பிழை.

பழைய தளங்களைப் பயன்படுத்துவதே தீங்கு என்பாரும் உளர். எக்ஸ்.பி.க்கான ஆதரவு 2014 ஏப்பிரல் 8 அன்றும், விண்டோஸ் 7-க்கான நீட்டித்த ஆதரவு 2020 சனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவுற்றன. பாதுகாப்புத் திருத்தம் கிட்டாத தளத்தை வலைப்பின்னலில் இணைப்பது இடர் தருவதே. இவ்வாதம் வலுவுடையது. ஆயின் அதனைக் கொண்டு, வலைப்பின்னலில் இணையாமல் தனித்து நிற்கும் கணிப்பொறியில் ஓர் அகராதியைத் திறக்கும் உரிமையையும் மறுத்தல் பொருந்தாது. கணிப்பொறியை மாற்றும் பொருள்வசதி எல்லா நிறுவனங்களுக்கும் எல்லா ஆய்வாளருக்கும் ஒரே காலத்தில் வாய்ப்பதில்லை.

7. மொழி மென்பொருளுக்குச் சில அளவுகோல்கள்

மேற்கண்ட ஆய்வின் அடிப்படையில், மொழிப்பணிக்கான மேசைக் கணிப்பொறி நிரல்களை மதிப்பிடப் பின்வரும் அளவுகோல்களை முன்வைக்கலாம்.

(அ) தரவு நிரலினும் நெடிது வாழ்தல் வேண்டும். நிரலின்றியும் படிக்கத்தக்க எளிய உரை வடிவில், குறியேற்றத்தின் பெயரும் யூனிகோடு பதிப்பின் எண்ணும் குறிப்பிடப்பட்டு, அது சேமிக்கப்படுதல் வேண்டும்.

(ஆ) நிரல் தளத்தின் பதிப்பெண்ணைக் கேளாது ஆற்றலைக் கேட்டல் வேண்டும்.

(இ) ஆய்வின் முடிவைப் பாதிக்கும் பணிகளாகிய தேடுதல், இயல்பாக்கம், அகரவரிசைப்படுத்தல் ஆகியன தளத்துக்குத் தளம் வேறுபடலாகாது. அவற்றை நிரல் தன்னகத்தே கொள்ளுதல் நன்று. தோற்றத்தைச் சார்ந்தவற்றைத் தளத்திடம் விட்டுவிடலாம்.

(ஈ) ஒரு பணியைப் பழைய தளத்தில் செய்ய இயலாதெனின் நிரல் அதனை வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். குறைவான விடையை நிறைவான விடைபோல் தரலாகாது.

(உ) எந்தப் பதிப்புகளில் சோதிக்கப்பட்டது, எந்த மொழியின் உரையைக் கொண்டு சோதிக்கப்பட்டது என்னும் இரண்டும் ஆவணத்தில் இடம்பெறுதல் வேண்டும். ஆங்கில உரையைக் கொண்டு நடத்திய சோதனை தமிழுக்குச் சான்றாகாது.

இவற்றுள் மூன்றாவதும் நான்காவதும் பொது நிரல்களுக்குக் கட்டாயமில்லாமல் இருக்கலாம். ஆய்வுக் கருவிகளுக்கு அவை இன்றியமையாதன.

8. முடிவுரை

மொழியில் பழையன மறைவதும் புதியன தோன்றுவதும் குற்றமன்று என்பது தமிழ் இலக்கண மரபு ஏற்றுக்கொண்ட கருத்தே. இயங்குதளங்களும் மாறும், மாறுதல் வேண்டும். ஆயின் மொழியில் ஒரு சொல் வழக்கிழந்தாலும் அது ஏட்டிலும் அகராதியிலும் நின்று பொருள் தருகிறது. கணிப்பொறியிலோ குறியேற்றத்தின் விளக்கம் தொலைந்தால் சொல்லே தொலைகிறது. இவ்வேறுபாட்டைக் கருதாமல் இயைபினை நிரலின் பண்பாக மட்டும் கொண்டமையே இதுகாறும் நேர்ந்த இழப்புகளுக்குக் காரணம் எனலாம்.

பழைய தளத்தை எத்துணை ஆண்டுகள் ஆதரிப்பது என்பதற்குப் பொதுவிதி கூற இயலாது. அது பயனாளரையும் பணியையும் பொறுத்தது. எழுதப்பட்ட உரை எத்துணை ஆண்டுகள் படிக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும் என்பதற்கு மொழி ஆய்வாளர் விடை கூற இயலும். அவ்விடையை நிரலாளரிடம் தெளிவாக எடுத்துரைப்பதும், நிரல் உருவாகும் நிலையிலேயே அதில் பங்கு கொள்வதும் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் ஏற்க வேண்டிய பணிகளாகும். நான்கு குறியெண்கள் பற்றிய அறிவு ஒரு நிரலின் தளச் சார்பை நீக்குமெனில், அத்தகைய அறிவைத் தொகுத்து ஆவணப்படுத்துதல் ஏனைய இந்திய மொழிகளுக்கும் செய்யத்தக்க பணியே. இத்துறையில் மேலும் ஆய்வுகள் நிகழ்தல் வேண்டும்.